இருதயம் தாளம் தப்பினால் அதை எப்படி அளக்கிறார்கள்?



"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது." "உள்ளே மீன் துள்ளுற மாதிரி இருக்கு." "ஒரு குடம் தண்ணி தூக்கினா மூச்சு வாங்குது." குழுக் கூட்டங்களில் நம் பெண்கள் இப்படிச் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கேட்டதும் பதில் தயாராக வரும். "உனக்கு ரத்தம் பத்தலே." "தவணை கட்டற கவலை." "மாதவிலக்கு நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்." "எதையோ பார்த்துப் பயந்துட்டே, மந்திரிச்சுக்கோ."

இந்தப் பதில்களில் சில உண்மைதான். ரத்தசோகை இருந்தாலும், தைராய்டு கோளாறு இருந்தாலும், மனக்கவலை இருந்தாலும் நெஞ்சு படபடக்கும். ஆனால் இதே படபடப்பு இருதயத்தின் தாளம் கெட்டுப்போனதாலும் வரலாம். முகத்தைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அளந்து பார்த்தால்தான் தெரியும். எதை அளப்பது, எப்படி அளப்பது என்பதை இந்த இதழில் பார்ப்போம். கொஞ்சம் நீளமான விஷயம். கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டால் நல்லது.

இருதயத்துக்குள் கரண்டா?

ஆமாங்க, கரண்டுதான். ஆனால் நம் வீட்டு கரண்ட் மாதிரி ஷாக் அடிக்காது. டார்ச் லைட்டில் போடுகிற ஒரு பேட்டரி ஒன்றரை வோல்ட். இருதயத்தின் கரண்ட் நெஞ்சின் தோல் வரைக்கும் வந்து சேரும்போது ஏறக்குறைய அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அந்தச் சின்ன கரண்ட்தான் இருதயத்தின் தசையைச் சுருங்கச் சொல்கிறது. சுருங்கினால்தான் ரத்தம் ஓடும்.

இருதயத்தில் நான்கு அறைகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. வலது பக்கத்து மேல் அறையின் உச்சியில் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. அதுதான் தலைவி. ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இரண்டு பேர் இங்கிலாந்தில் 1907இல் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இந்த முடிச்சு நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை வரை ஒரு சின்ன கரண்டை அனுப்பும். அது மேல் அறைகள் முழுக்கப் பரவ ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் போதும்.

நம் ஊர்க் கும்மியை நினைத்துப் பாருங்கள். ஒருத்தி பாட்டெடுத்துக் கொடுக்கிறாள், பக்கத்தில் இருப்பவள் அதைப் பிடித்துக் கை தட்டுகிறாள், அவளைப் பார்த்து அடுத்தவள். வட்டம் முழுக்க ஒரே தட்டாகக் கேட்கிறது. இருதயத்தின் தசையும் அப்படித்தான். ஒவ்வொரு இழையும் பக்கத்து இழையைப் பார்த்துத்தான் சுருங்கும்.

மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் ஒரு வாசல் இருக்கிறது. 1906இல் ஜெர்மனியில் வேலை செய்துகொண்டிருந்த ஜப்பான் நாட்டு மருத்துவர் சுனாவ் தவாரா இதை விளக்கி எழுதினார். கரண்ட் இந்த வாசலில் ஒரு கணம் நின்றுதான் கீழே போகும். அந்த ஒரு கணத்தில் மேல் அறை தன்னிடம் உள்ள ரத்தத்தைக் கீழ் அறைக்குள் ஊற்றிவிடும். அதற்குப் பிறகு கீழ் அறை அழுத்தி ரத்தத்தை உடம்புக்கு அனுப்பும். முதலில் ஊற்று, பிறகு அழுத்து. இந்த வரிசைதான் முக்கியம்.

தாளம் தப்புவது என்றால்?

தாளம் தப்புவதில் பல வகை உண்டு. எப்போதாவது ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருவது, ஒன்று விட்டுப்போன மாதிரி இருப்பது நிறையப் பேருக்கு உண்டு. பெரும்பாலும் அதனால் ஆபத்து இல்லை. நாம் இங்கே பேசுவது வேறு ஒன்று. டாக்டர் சீட்டில் ஏ.எஃப். என்று இரண்டு எழுத்து எழுதியிருப்பார். முழுப்பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேல் அறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருப்பதுதான் அது.

இந்த நோயில் தலைவி பாடுவது யாருக்கும் கேட்பதில்லை. வட்டத்தில் இருக்கிற ஒவ்வொருத்தியும் ஆளுக்கொரு பாட்டெடுத்து ஆளுக்கொரு வேகத்தில் தட்டினால் எப்படி இருக்கும்? சத்தம் இருக்கும், கும்மி இருக்காது. மேல் அறையில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை கரண்ட் அலைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். நல்ல வேளையாக நடுவில் உள்ள வாசல் அத்தனையையும் கீழே விடாது. சிலதை விடும், சிலதை நிறுத்தும். அதனால் கீழ் அறை நிமிடத்துக்கு 100, 150 என்று வேகமாகவும் முறையில்லாமலும் அடிக்கும். அதுதான் நமக்குப் படபடப்பாகத் தெரிகிறது.

படபடப்பைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய ஆபத்து மேல் அறையில் ரத்தம் தேங்குவதுதான். இடது மேல் அறையின் ஓரத்தில் ஒரு சின்னப் பை மாதிரி இடம் உண்டு. அறை சுருங்காவிட்டால் அங்கே ரத்தம் நின்று கட்டியாக உறைந்துவிடும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். காலையில் கறவை மாட்டில் பால் கறந்த பெண்ணுக்கு மத்தியானம் ஒரு கை, ஒரு கால் வராமல் போய்விடும். அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊர் மக்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தவர்கள் 1978இல் எழுதிய கணக்கு இது: ஏ.எஃப். உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வும் கெட்டு, ஏ.எஃப்.பும் இருந்தால் 17 மடங்கு.

இது நம் பெண்களுக்கு ஏன் வருகிறது?

அமெரிக்கா, ஐரோப்பாவில் இது பெரும்பாலும் 65, 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் நோய். நம் நாட்டில் அப்படி இல்லை. இந்திய இருதயத் தாள மருத்துவர் சங்கம் 2011, 2012 ஆண்டுகளில் 24 மருத்துவமனைகளில் 1,500க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பதிவு செய்து பார்த்தது. சராசரி வயது ஏறக்குறைய 55. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ருமாட்டிக் இருதய நோய் இருந்தது.

ருமாட்டிக் காய்ச்சல் எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? 5 முதல் 15 வயதுக்குள் வரும் சாதாரணத் தொண்டை வலியில். ஒரு வகைக் கிருமியால் தொண்டை புண்ணாகி, இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலோடு மூட்டு வீங்கும். இன்றைக்கு முழங்கால், நாளைக்குக் கணுக்கால் என்று வலி இடம் மாறும். மூட்டு வலி தானாகச் சரியாகிவிடும். ஆனால் உள்ளே இருதயத்தின் வால்வில் தழும்பு விழுந்துவிடும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு வந்தது, அவள் கல்யாணமாகிக் கர்ப்பமாகும்போது மூச்சுத் திணறலாக வெளியே தெரியும். வால்வு சுருங்கச் சுருங்க மேல் அறை விரிந்துகொண்டே போகும். விரிந்த அறையில் கரண்ட் வழி தவறும்.

இதைத் தடுக்க முடியும். ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி, டாக்டர் சொல்லும் வருடம் வரைக்கும் போட வேண்டும். "நல்லாத்தானே இருக்கா, எதுக்கு ஊசி?" என்று நடுவில் நிறுத்துவதுதான் நாம் செய்யும் பெரிய கெடுதல் என்பது எங்கள் கருத்து.

விரலில் தொடங்கும் அளவு

முதல் கருவி நம் கையிலேயே இருக்கிறது. ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல்களை வையுங்கள். கட்டை விரலால் பார்க்கக் கூடாது, அதற்கே ஒரு துடிப்பு உண்டு. கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். எத்தனை என்பதோடு, இடைவெளி சமமாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். எந்த முறையும் இல்லாமல் ஒன்று சீக்கிரம், ஒன்று தாமதம், ஒன்று பலம், ஒன்று லேசு என்று வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நர்சம்மா உதவி இருந்தால் இன்னும் ஒரு அளவு எடுக்கலாம். ஒருவர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து எண்ண, அதே நிமிடத்தில் இன்னொருவர் மணிக்கட்டில் எண்ண வேண்டும். நல்ல இருதயத்தில் இரண்டும் ஒரே எண். ஏ.எஃப்.பில் நெஞ்சில் 130 என்றால் கையில் 100தான் கிடைக்கலாம். மீதி 30 துடிப்பு ரத்தம் சேராமல் வெறுமனே அடித்த துடிப்பு.

2021 ஆகஸ்ட் 5 அன்று, ஒரு காலத்தில் நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளி கிராமத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. வீடு தேடி வந்து பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கும் பெண் தன்னார்வலர்களில் நிறையப் பேர் நம்மைப் போன்ற குழு உறுப்பினர்கள்தான். சில பி.பி. மெஷினில் துடிப்பு முறை தப்பினால் இருதயப் படம் மினுக்கிக் காட்டும். அதைப் பார்த்தால் மெஷின் கோளாறு என்று விட்டுவிடாமல் மறுபடி ஒரு தடவை பாருங்கள், மணிக்கட்டையும் தொட்டுப் பாருங்கள்.

இ.சி.ஜி. சீட்டு என்ன சொல்கிறது?

விரல் சொல்வது சந்தேகம். இ.சி.ஜி. சொல்வது சாட்சி. கரண்டை நேராகப் பதிவு செய்வது அதுதான்.

இதைப் பயனுள்ள கருவியாக்கியவர் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரத்து வில்லெம் ஐந்தோவன். 1900களின் தொடக்கத்தில் அவர் செய்த மெஷின் 270 கிலோ எடை. ஓட்டுவதற்கு ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் ஜாடிகளில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும்! ஆஸ்பத்திரி ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்ததால், 1905இல் டெலிபோன் கம்பி வழியாகவே இருதயத்தின் கரண்டைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்துப் பதிவு செய்தார். 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அதே வேலையை ஒரு சின்னப் பெட்டி செய்கிறது. சீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் பெரிய டாக்டருக்கு அனுப்புகிறார்கள்.

நம் பெண்கள் இ.சி.ஜி.க்குப் பயப்படக் காரணம் இரண்டு. ஒன்று, "கரண்ட் வைப்பாங்களாம்" என்ற பேச்சு. யாரும் கரண்ட் வைப்பதில்லை. நம் உடம்பிலிருந்து வரும் கரண்டை மெஷின் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். கை கால்களில் நாலு, நெஞ்சில் ஆறு என்று பத்து இடத்தில் ஒட்டுவார்கள். ஐந்து பத்து நிமிட வேலை. வலி கிடையாது. இரண்டாவது, ஜாக்கெட்டைத் திறக்க வேண்டுமே என்ற கூச்சம். இது நியாயமான கூச்சம். "திரை போடுங்க, நர்ஸ் அக்காவைக் கூப்பிடுங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை. கேட்கக் கூச்சப்பட்டு இ.சி.ஜி. எடுக்காமல் திரும்பி வருவதுதான் தப்பு. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் இருதய நோய்த் துறையைத் தொடங்கியவரே டாக்டர் கமலா வைத்திலிங்கம் என்ற பெண் மருத்துவர்தான் என்பதையும் இங்கே சொல்லிக்கொள்கிறோம்.

சீட்டில் சின்னச் சின்னக் கட்டம் போட்ட தாள் இருக்கும். ஒரு பெரிய கட்டத்தின் அகலம் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. உயரமான கூர் ஒவ்வொன்றும் கீழ் அறையின் ஒரு துடிப்பு. அதற்கு முன்னால் சின்ன மேடு ஒன்று தெரியும், அது மேல் அறை ஒன்றாகச் சுருங்கியதன் அடையாளம். நல்ல சீட்டில் ஒவ்வொரு கூருக்கும் முன்னால் ஒரு மேடு, கூர்களுக்கு நடுவே சம இடைவெளி. ஏ.எஃப். சீட்டில் அந்த மேடு காணாமல் போய், கோடு நடுங்கிக்கொண்டிருக்கும். கூர்கள் கண்டபடி நெருங்கியும் விலகியும் நிற்கும். 1909இல் லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் இதைப் பார்த்துத்தான், அதுவரை புரியாமல் இருந்த இந்தத் தாறுமாறான நாடிக்குக் காரணம் மேல் அறையின் நடுக்கம் என்று காட்டினார்.

ஒரு சிக்கல் உண்டு. சாதாரண இ.சி.ஜி. சில விநாடி நேரத்தைத்தான் பதிவு செய்யும். படபடப்பு வந்து போன பிறகு எடுத்தால் "நார்மல்" என்று வந்துவிடும். அதனால் படபடப்பு இருக்கும்போதே போங்கள். சோறு வடிச்சுட்டுப் போகலாம், மாட்டைக் கட்டிட்டுப் போகலாம் என்று தள்ளாதீர்கள். வந்து வந்து போகிறவர்களுக்கு ஹோல்டர் என்ற சின்னக் கருவியை இடுப்பில் கட்டி 24 மணி நேரமோ அதற்கு மேலோ பதிவு செய்வார்கள். அப்போது வழக்கமான வேலையைச் செய்யலாம். குளிக்கலாமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கரண்டியும் வெள்ளாடும்

தாளம் தப்பியது என்று இ.சி.ஜி. சொல்லும். ஆனால் உள்ளே எவ்வளவு தப்பியிருக்கிறது? எல்லோரும் வேறு வேறு பாட்டா, இல்லை இரண்டு மூன்று கோஷ்டிதானா? இதையும் அளந்திருக்கிறார்கள்.

1994இல் ஹாலந்தில் வேறொரு கரண்ட் கோளாறுக்காக இருதய ஆபரேஷன் செய்துகொண்ட 25 பேரிடம் அளந்தார்கள். கருவி பார்க்கக் கரண்டி மாதிரியே இருக்கும். அந்தக் கரண்டியில் 244 சின்னச் சின்னப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு அளவுமானி. அதை மேல் அறையின் மேல் வைத்து, கொஞ்ச நேரத்துக்கு ஏ.எஃப்.பை உண்டாக்கி, எந்தப் புள்ளிக்கு எந்த நேரத்தில் கரண்ட் வந்தது என்று குறித்தார்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் வரிசையாகத் துடித்தால் அலை ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம். பக்கத்திலேயே இருந்தும் சம்பந்தமில்லாமல் துடித்தால் ஒற்றுமை போய்விட்டது என்று அர்த்தம். 10 பேருக்குப் பெரிய அலை ஒன்றுதான் ஓடியது. 8 பேருக்கு அது இரண்டாகப் பிரிந்தோ தடைபட்டோ ஓடியது. 7 பேருக்குப் பல சின்ன அலைகள் மோதிக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே ஏ.எஃப். என்ற ஒரே பெயர். உள்ளே அளந்தால் ஒரே மாதிரி இல்லை.

அடுத்த வருடம், 1995இல், அதே நாட்டின் மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் வெள்ளாடுகளிடம் ஒரு சோதனை. ஆட்டின் இருதயம் சரியான தாளத்துக்குத் திரும்பும்போதெல்லாம் ஒரு கருவி மறுபடி கெடுத்துவிடும். முதலில் கருவி கெடுத்தாலும் ஐந்தாறு விநாடியில் தானாகச் சரியானது. கெடுத்துக்கொண்டே இருந்ததில், ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் 11 ஆடுகளில் 10 ஆடுகளுக்கு ஒரு நாளைத் தாண்டியும் நிற்கவில்லை. தாளம் தப்புவதே மேலும் தப்புவதற்கு இருதயத்தைப் பழக்கிவிடுகிறது. "வந்து வந்து போகுது, போகட்டும்" என்று விட்டவர்களுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடுவது இதனால்தான். சந்தோஷமான செய்தியும் அதே ஆடுகளிடம் கிடைத்தது. தாளத்தைச் சரிசெய்து விட்டபோது, அந்தக் கரண்ட் மாற்றங்கள் ஒரு வாரத்தில் பழையபடி திரும்பின.

இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை உள்ளே விட்டு இதே மாதிரி அளக்கிறார்கள். எங்கே முதலில் கரண்ட் வருகிறது, எங்கே பிறகு என்று கம்ப்யூட்டர் திரையில் கலர் கலராகப் படம் வரும். கெடுக்கிற இடம் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் சுட்டு அடக்குவார்கள். ஆனால் வால்வு கெட்டவர்களுக்கு முதலில் வால்வைத்தான் பார்க்க வேண்டும். பலூன் வைத்து விரிக்கலாமா, ஆபரேஷனா என்று எக்கோ ஸ்கேன் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் எதற்கெல்லாம் அது செல்லும் என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் முன்னாலேயே கேளுங்கள்.

மாத்திரை விஷயம்

தாளம் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுப்பார்கள். வார்ஃபரின், அசிட்ரோம் என்ற பெயர்கள் பழக்கமானவை. இவற்றைப் போடுகிறவர்கள் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும். பெரும்பாலும் 2க்கும் 3க்கும் நடுவில் இருக்கும்படி டாக்டர் அளவைக் கூட்டிக் குறைப்பார். பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைகளும் இருக்கின்றன. அவை ருமாட்டிக் நோய்க்காரர்களுக்கு ஒத்துவருமா என்று 24 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தார்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் கணேசன் கார்த்திகேயன் அதை நடத்தியவர்களில் ஒருவர். கலந்துகொண்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள், சராசரி வயது 50. 2022இல் முடிவு வந்தது. ரிவரோக்ஸபான் என்ற புது மாத்திரையைவிடப் பழைய மாத்திரை சாப்பிட்டவர்களில் இறப்பு குறைவு. ஆகவே "பக்கத்து வீட்டு அக்காவுக்குப் புது மாத்திரை, எனக்கு மட்டும் பழசு" என்று வருத்தப்பட வேண்டாம்.

முருங்கைக்கீரை சாப்பிடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சாப்பிடலாம். ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றக் கூடாது. ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், ரத்தக்கசிவு வரும். வார்ஃபரின் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். அதனால் குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்களும், மாதவிலக்கு தள்ளிப்போனவர்களும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களே நிறுத்தவும் கூடாது.

வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல், மயக்கம், நெஞ்சு வலி, படுத்தால் மூச்சு முட்டுதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சித்தேரியிலிருந்தோ வத்தல்மலையிலிருந்தோ இறங்கி வருவதற்கே எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். இ.சி.ஜி. தாள் பெரும்பாலும் சூட்டில் எழுத்து விழுகிற தாள். பஸ் டிக்கெட் மாதிரி சில மாதத்தில் மங்கிப்போகும். படபடப்பு வந்தபோது எடுத்த சீட்டு டாக்டருக்கு மிகப் பெரிய சாட்சி. அதனால் எடுத்த அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் போட்டு, தேதி எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரிலேயே வைத்துவிடுங்கள். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பழைய சீட்டு, புதுச் சீட்டு இரண்டையும் சேர்த்தே காட்டுங்கள்.